கடைசி வரி

குத்தாய்சியில், ரியோனி ஆற்றுப் பாலம் தாண்டி,
மருந்துக்கடைக்கும் சாவி வெட்டுகிறவன் கடைக்கும் நடுவே
என் கண் பரிசோதனை அறை.
முன்பெல்லாம் சுவரில் எழுத்து அட்டை தொங்கும்.
இப்போது அதே எழுத்துகள் கணினித் திரையில்.
ஜெர்மனியில் யாரோ கழித்துக்கட்டிய பெட்டி,
கருங்கடல் தாண்டி வந்தது.
கூடவே அதன் காவல்காரனும் வந்துவிட்டான்:
இலவச வைரஸ் தடுப்பு.
பேச்சு மட்டும் ஜெர்மனில்.

சம்பளம் வாங்காத காவல்காரன்
காசு கேட்காத காவல்காரன் அல்ல.

மினிபஸ் ஓட்டும் ஜூம்பருக்கு
உரிமம் புதுப்பிக்கச் சான்றிதழ் வேண்டும்.
இடது கண்ணைப் பொத்தி,
"லாஸி… நாரி… பிறகு வட்டமாக ஒன்று…" என்று
நான்காவது வரியில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தார்.
திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு.
உடைந்த கேடயம்,
உள்ளங்கை உயரத்தில் எழுத்துகள்.
"இது நன்றாகத் தெரிகிறதே!
என்ன சொல்கிறது?"
பணம் கட்டச் சொல்கிறது என்றேன்.
"அதற்குக் கண்ணே வேண்டாமே" என்றார்.

சிரித்தேன். அன்றைக்கு அது மூன்றாவது முறை.

ஆனால் ரொட்டிக்கடை நூனு சிரிக்கவில்லை.
கண்புரையோடு வந்தவள்,
சிவப்பைப் பார்த்ததும் நாற்காலிக் கையைப் பற்றிக்கொண்டு
"என் கண்ணுக்கா?" என்றாள்.
இல்லையம்மா, கணினிக்கு என்று சொல்லி முடிப்பதற்குள்
அழுதே விட்டாள்.

பச்சைப் பொத்தான் ரொட்டி அளவுக்கு இருக்கும்.
அதற்குக் கீழே, வெள்ளையில் வெளுத்த சாம்பலாய்,
ஈ நடந்த தடம் மாதிரி ஏதோ.
பதினெட்டு வருடமாக எழுத்துகளை அளக்கிறவள் நான்.
அளவுகோலை எடுத்துத் திரையில் வைத்துப் பார்த்தேன்:
என் அட்டையின் கடைசி வரியைவிடப் பொடி.
இதை வரைந்தவனுக்கு
நம் கண் எங்கே தோற்கும் என்று
என்னைவிட நன்றாகத் தெரியும்.

பட்டாலையில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற சியாலா மட்டும்
அதை விடவில்லை.
எட்டாம் வகுப்புவரை ஜெர்மன் படித்தவராம்.
மோவாயை நீட்டி, கண்ணை இடுக்கி,
"முதல் எழுத்து தெரிகிறது. பிறகு புழு" என்றார்.
அது பரிசோதனையில் சேராது என்றேன்.
கோபித்துக்கொண்டு
புதுக் கண்ணாடிக்கு முன்பணம் கட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மாலை கதவைச் சாத்திவிட்டு
அமைப்புகளுக்குள் இறங்கினேன்,
மொழிபெயர்ப்புச் செயலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு.
பொது. அதற்குள் தனியுரிமை. அதற்குள் இன்னொன்று.
மூன்று பெட்டிகளில் குறியை எடுத்தேன்.
நான்காவது அசையவில்லை:
சலுகை அறிவிப்புகளை நிறுத்த வேண்டுமா?
கட்டணப் பதிப்புக்கு மாறுங்கள்.
வாயை மூடு என்று சொல்வதற்கும் வாடகை!

இரவு ஒன்பதுக்குக் கிடைத்தது பின்வாசல்.
திரை நிறைய விளையாடுகிறவர்களுக்கென்று
ஒரு மௌனம் வைத்திருந்தார்கள்.
அந்தப் பட்டியலில்
என் எழுத்து அட்டையையும் ஒரு விளையாட்டாகச் சேர்த்தேன்.
காவல்காரன் நம்பிவிட்டான்.
காவல் இருக்கிறது, கூச்சல் இல்லை.

புதனன்று சியாலா வந்தார், புதுக் கண்ணாடியோடு.
கடைசி வரிவரை மளமளவென்று படித்தார்.
எழுந்திருக்கவில்லை.
"அது எங்கே?"
எது?
"அந்தப் பொடி எழுத்து.
அதைப் படிக்கத்தானே இவ்வளவு பணம் கொடுத்தேன்."

வேறு வழியில்லாமல் மௌனத்தைக் கலைத்தேன்.
காத்திருந்தோம், பேருந்துக்குக் காத்திருப்பது போல.
பதினோரு நிமிடம் கழித்து வந்தது சிவப்பு.
அவர் சிவப்பைப் பார்க்கவே இல்லை.
நேரே அடியில் போய்
எழுத்தெழுத்தாகக் கூட்டி,
வகுப்பில் எழுந்து நிற்கிற குரலில் சொன்னார்:
"நைன், டாங்கெ."
வேண்டாம், நன்றி.

அருமை என்று கைதட்டினேன்.
தட்டிய கையோடு,
கண்ணாடி துடைக்கும் திரவம் ஒன்று
எடுத்துக்கொள்ளுங்களேன்,
இன்று மட்டும் பாதி விலை என்றேன்.

கைப்பையை மூடிக்கொண்டு எழுந்தார்.
எனக்கும் அதையே சொன்னார்.