யாருக்கு என்ற கட்டம்

வின்னிபெக் குளிரில்
காரின் எஞ்சினுக்கும் மின்சாரக் கம்பி செருகி வைத்துவிட்டுத்தான்
வேலைக்குள் போவோம்.
மூன்றாம் மாடி, சமயவியல் துறை.
கதவுக்கு நேரே என் மேசை.
ஆகவே எல்லா மதங்களுக்கும் முன்னால்
வெர்னா ஃபிரீசன் உட்கார்ந்திருந்தேன்,
பத்தொன்பது வருடம்.

மின் தட்டச்சில் எழுத்துருண்டையைக் கழற்றி மாட்டலாம்.
கிரேக்கத்துக்கு ஒன்று, எபிரேயத்துக்கு ஒன்று.
எபிரேய உருண்டை போட்டாலும்
எந்திரம் தன் வழக்கப்படி இடமிருந்துதான் ஓடும்.
வரியைப் பின்னாலிருந்து அடித்து வருவேன்.
எந்த வசனத்திலும் முதல் சொல்லை
கடைசியில்தான் எட்டினேன்.

உலக முடிவைப் பற்றி எழுதிய கிளிப்பன்ஸ்டைன்
பதிப்பகத்திடம் மூன்று முறை தவணை கேட்டார்.
மூன்று கடிதமும் நான் அடித்தவை.
அறவியல் வோலோஷின் கைமாற்றாக வாங்கிய தபால்தலைகள்
முப்பத்தொன்று, இன்னும் கணக்கில்.
ஓய்வுபெற்றபின் வாழ்த்தட்டை அனுப்பினார்;
பாதித் தலை ஒட்டியிருந்ததால்
அபராதமும் நானே கட்டினேன்.

கடவுளைப் பெரிய எழுத்தில் தொடங்குவதா, சின்னதிலா?
ஒன்றரை மணி நேரக் கூட்டம்.
முடிவு எட்டப்படவில்லை என்று குறித்துக்கொண்டேன்.
அதற்குள் கீழே தெருவில்
பனி தள்ளும் வண்டி இரண்டு தரம் போய்விட்டது.

தொலைபேசியில் வழிதவறி வருபவர்கள் உண்டு.
கல்யாணத்துக்கு இடம் கிடைக்குமா.
நாய்க்கு ஆசி கொடுப்பீர்களா.
இது கோயில் இல்லைங்க, இங்கே படிக்கத்தான் படிக்கிறோம்.
சொல்லிச் சொல்லி நாக்கில் தடமே விழுந்திருந்தது.

ஒரு பிப்ரவரி, ஐந்தே கால், இருட்டிவிட்டது.
செல்கர்க்கிலிருந்து ஒரு பெண்.
நாலு நாள் இருந்த பிள்ளை.
ஞானஸ்நானத்துக்கு நாள் பார்ப்பதற்குள் போய்விட்டது.
எங்கே போயிருக்கும் என்று கேட்டாள்,
பேருந்துத் தடம் விசாரிப்பதுபோல.

இருங்கள் என்று ரிசீவரை மேசையில் வைத்தேன்.
தாழ்வாரத்தில் ஏழு கதவு, ஒன்றிலும் வெளிச்சமில்லை.
மூன்றாம் இழுப்பறையில் இதற்கென்றே ஒரு உறை உண்டு.
பெயர்ச்சீட்டு நான் ஒட்டியது.
உள்ளே நாற்பது பக்கம்,
அடிக்குறிப்புவரை என் விரல் வழியாகப் போனவை.
ஒரு வரி ஞாபகம் வரவில்லை.
எங்கள் மெனோனைட் வீட்டில் இந்தக் கேள்வியே எழாது,
வளர்ந்து கேட்டபின்தான் ஞானஸ்நானம்.
அதை அவளிடம் சொல்வது
அடுத்த வீட்டுச் சாவியை நீட்டுவது மாதிரி.

திரும்பி வந்து பெயர் கேட்டேன்.
தன் பெயரைச் சொன்னாள்.
இல்லை, பிள்ளையின் பெயர்.
கொஞ்ச நேரம் லைன் மட்டும் இரைந்தது.
பிறகு எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.
எழுதி, வாசித்துக் காட்டினேன்.
எல் இரண்டு வரும் என்று திருத்தினாள்.
நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

இளஞ்சிவப்புச் செய்திச் சீட்டு.
அழைத்தவர் என்ற கட்டத்தில்
பிள்ளையின் பெயரை எழுதியிருந்தேன்.
யாருக்கு என்பது காலி.
மீண்டும் அழைப்பார் என்ற இடத்தில் ஒரு கோடு,
நான் போட்டதா, பேனா வழுக்கியதா தெரியவில்லை.

ஏழு தபால் அறைகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.
பிறகு பூட்ஸ், மேலங்கி, கையுறை.
கீழே வந்து கம்பியைப் பிடுங்கினேன்.
முதல் திருகலிலேயே எஞ்சின் எடுத்தது.
சீட்டு பையிலேயே இருந்தது.