இஸ்ஸரஹட

ஏறிய பஸ்ஸிலெல்லாம்
கண்டக்டர் அந்த ஊரைத்தான் கூவினார்:
இஸ்ஸரஹட! இஸ்ஸரஹட!
கண்டியிலிருந்து எந்தத் திசையில் போனாலும்
இஸ்ஸரஹட வந்துவிடும் போல.
ஒரு வாரம் வரைபடத்தில் தேடினேன்.
பெரிய ஊராகத்தான் இருக்கவேண்டும்,
இத்தனை பஸ் போகிறதே.

ஒன்பதாம் நாள் கேட்டேன்.
அறைத்தோழி பவளராணி
பல்துலக்கும் நுரையோடு சிரித்ததில்
கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி.
"முன்னுக்குப் போங்கன்னு சொல்றான்டி.
நீதான் வழிய மறிச்சிக்கிட்டு நிப்ப."

காரைக்காலில் மேடு என்றால்
வாய்க்கால் பாலத்தின் முதுகுதான்.
இங்கே விடுதியிலிருந்து சாப்பாட்டுக்கூடம் போக
நூற்றுப் பன்னிரண்டு படி.
எண்ணியது பசியில்.
ஏறித் திரும்பினால் மறுபடி பசிக்கிறது.

கால்நடை மருத்துவம், முதலாம் வருடம்.
எலும்பியல் கொப்பியை ஒரு குரங்கு
கூரைக்குக் கொண்டுபோய்
பக்கம் பக்கமாகப் புரட்டியது.
மாட்டின் பின்னங்காலில் சற்று நின்றது.
மீதியைக் கிழித்து ஆற்றுப்பக்கம் விட்டது.
அந்த வாரப் பரீட்சையில்
எனக்கும் பின்னங்கால் மட்டும்தான் தெரிந்தது.

பண்ணைக்குப் போன அன்று
காலுறைக்குள் மூன்று அட்டைகள்.
நான் அலறிய அலறலில்
ஊசி போட நிறுத்திய பசு
கட்டை அறுத்துக்கொண்டு போயே போய்விட்டது.
விரிவுரையாளர் சிங்களத்தில் ஏதோ சொன்னார்.
யாரும் மொழிபெயர்க்கவில்லை.

சந்தையில் லீக்ஸ் விற்பவர்
என் தமிழைக் கேட்டதும் தராசைக் கீழே வைத்தார்.
"எந்தத் தோட்டம் புள்ள?"
"காரைக்கால்."
"அது எங்கிட்டு, மஸ்கெலியா பக்கமா,
நானுஓயா பக்கமா?"
கடலுக்குப் பக்கம் என்றேன்.
கடலுக்குப் பக்கம் தேயிலை வராதே என்று
எனக்காகக் கவலைப்பட்டவர்
இரண்டு தண்டு கூடப் போட்டார்.

விசா நீடிக்கப் போன வெள்ளிக்கிழமை
பவளராணியும் வந்தாள்.
கச்சேரியில் அவளுக்கும் வேலை இருந்தது,
பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கு ஒரு பிரதி.
வரிசை, நாற்காலி, வேறு வரிசை,
"முத்திரை எங்கே?", "புகைப்படம் சின்னது",
மறுபடி முதல் வரிசை.

மதியம் ஒரு பேக்கரி மூலையில்
இரண்டு மரக்கறி ரோலுக்கு நடுவே
தாள்களை விரித்தோம்.
என்னுடையதில்:
வெளிநாட்டவர். மாணவி. வேலை செய்யக்கூடாது.
அவளுடையதில், தகப்பனின் இனம் என்ற இடத்தில்:
இந்தியத் தமிழர்.

அவள் பிறந்தது சாமிமலை.
அவள் அப்பா பிறந்ததும் சாமிமலை.
கடலையே பள்ளிக்கூடச் சுற்றுலாவில்
ஒரே ஒருமுறை கண்டவள்.
நான் இரண்டு தாளையும் மாறிமாறிப் பார்த்தேன்.
"என்னடி பாக்குற," என்றாள்.
"நான் இந்தியா, நீ வெளிநாடு.
சாப்பிடு, ஆறிரும்."

எண்ணெய் படாமல் மடித்து
அவள் பத்திரத்தையும் என் கடவுச்சீட்டையும்
ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாள்.
உறை ஒன்றுதான் இருந்தது.

வெளியே மழை.
பஸ்ஸுக்குள் நனைந்த குடைகள்,
யாருடைய முழங்கையோ என் காதில்,
காலடியில் அரிசி மூட்டை.
ஜன்னல் முழுக்க ஆவி.
இன்று நானே நிறுத்துவதாகச் சொல்லியிருந்தேன்.
மூன்று மாதம் தொண்டையில் வைத்திருந்த சொல்லை
முழுசாகவே வெளியே விட்டேன்:
பஹினவா!

பஸ் நின்றது.
கெட்டம்பே.
எங்கள் கலஹா சந்திக்கு இன்னும் தூரம்.
யாரும் இறங்கவில்லை.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
அவ்வளவு சத்தமாகச் சொன்ன பிறகு
இறங்காமல் இருக்க முடியுமா?

நகர்ந்த ஜன்னலைத் துடைத்துக்கொண்டு
பவளராணி சிரிப்பது தெரிந்தது.
மடியில் அந்த உறை.
என் நாடும் அவளோடு போகிறது,
என்னிடம் குடைகூட இல்லை.

மகாவலி கலங்கி ஓடிக்கொண்டிருந்தது.
அரைமணி கழித்து இன்னொரு பஸ்.
ஏறினேன். டிரைவர், கண்டக்டர்,
பின்சீட்டில் தூங்கும் ஒருவர், நான்.
காலி சீட்டுகள் வரிசையாக.
கண்டக்டர் பழக்கத்தில் சொன்னார்:
இஸ்ஸரஹட.

போனேன்.