கைண்ட்லி ரிவர்ட்

காலை பத்து ஐம்பதுக்கு
எச்.எஸ்.ஆர். லேஅவுட் அலுவலகத்தில்
தணிகையின் மெயில் வந்தது.
இணைப்பில் பதினோரு பக்கம்.
ஸோஃபா இன்னாருக்கு, வாஷிங் மெஷின் இன்னாருக்கு,
பரஸ்பர சம்மதம் என்ற சொல் ஏழு இடத்தில்.
கீழே ஒற்றை வரி:
கைண்ட்லி ரிவர்ட்.

ஒரு நாளைக்கு நாற்பது முறை நானே எழுதுவது.
வெண்டருக்கு, எச்.ஆருக்கு,
ஏ.சி. பார்க்க வராத மெக்கானிக்குக்கு.
பதில் போடு என்பதைத் தாண்டி
அந்த வார்த்தைக்கு என்னிடம் வேறு வேலை இருந்ததில்லை.

பக்கத்து மேசை தஸ்நேவிஸ்
ஐந்து வருஷம் குருமடத்தில் இருந்துவிட்டு
பட்டத்துக்கு முன்னால் வெளியே வந்தவன்.
வரும்போது கொண்டுவந்தவை
ஒரு அயர்ன் பாக்ஸ், ஒரு லத்தீன் அகராதி.
அகராதி இப்போது அவன் மானிட்டருக்கு முட்டு.
ரிவர்ட் என்றால் நிஜமாக என்ன என்று கேட்டேன்.
மானிட்டரை இறக்கிவிட்டுப் பக்கம் தேடினான்.

ரெவெர்த்தோர்: திரும்பி வருகிறேன்.

"செயப்பாட்டு வினையின் சட்டையைப் போட்டிருக்கும் பார்.
யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட்ட மாதிரி.
உள்ளே அப்படி ஒன்றும் இல்லை, தானாகத்தான் வரும்.
இறந்த காலத்துக்கு வந்ததும்
சட்டையைக் கழற்றிவிடுவார்கள்."
சொல்லிவிட்டு எக்ஸெலுக்குள் போய்விட்டான்.
கேள்வி எங்கிருந்து வந்தது என்று
அவனுக்குத் தெரியாது.

போருக்குப் போனவன் வீடு வருவதற்கு இந்தச் சொல்.
பேச்சு எங்கெங்கோ போய்
விட்ட இடத்துக்கு வந்து சேர்வதற்கும் இதுவே.
சண்டை போட்டவரோடு ராசியாவதற்கு மட்டும்
ரெதெயோ என்ற இன்னொரு சொல்லிடம் அனுப்புகிறது அகராதி,
சில பக்கம் முன்னால்.
போனேன்.
பார்த்தேன்.
மானிட்டருக்கு அடியில் வைத்துவிட்டேன்.

தமிழில் இப்படிப் பிரித்து வைக்கவில்லை.
திரும்பினாள் என்றால்
ஊரிலிருந்து திரும்பினாளா,
படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பினாளா,
அடுத்த சொல் வரும்வரை தெரியாது.
கடைசி இரண்டு வருஷம்
நான் திரும்பியதெல்லாம் சுவர்ப்பக்கம்தான்.
அந்தப் பக்கம் அவனும்
ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தான்.

சாயங்காலம் அகராவில் பஸ் ஏறினேன்.
இந்த ஊரில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை.
என் ஆதாரில் இன்னும்
தணிகை வீட்டுக் குடியாத்தம் விலாசம்,
அதனால் எனக்கு உண்டு.
ஐம்பது ரூபாய் கொடுத்தேன்.
கண்டக்டர் டிக்கெட்டின் முதுகில்
இருபத்தாறு என்று எழுதி வட்டம் போட்டார்.
ஆமேலே வாபஸ் கொடுத்தீனி மேடம்.
பின்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள்
கன்னடத்தில் மரளு மரளு என்று எதையோ பேசினார்கள்.
திரும்புவதற்கும் அதுதான் சொல், மணலுக்கும் அதுதான்.
எதைப் பற்றி என்று பிடிபடவில்லை.

சில்க் போர்டில் பஸ்
எந்தப் பக்கமும் திரும்பாமல்
நாற்பது நிமிஷம் நின்றது.
அங்கே வைத்துப் பதில் எழுதினேன்:
நான்காம் பக்கத்தில் மிக்ஸி விட்டுப்போயிருக்கிறது.
அது என் அம்மா வாங்கித் தந்தது.
மற்றபடி சம்மதம்.
அனுப்பினேன்.
ரிவர்ட் ஆகிவிட்டது.

உடனே போன் அதிர்ந்தது.
தணிகை இல்லை, தஸ்நேவிஸ்:
"காலையில் ஒன்று சொல்ல மறந்துட்டேன்.
ரெவெர்த்தீ என்று எழுதியிருந்தால்
'திரும்பி வர' என்றும் படிக்கலாம்,
'திரும்பி வந்துவிட்டேன்' என்றும் படிக்கலாம்.
ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு.
எது என்று வாக்கியம் முழுவதையும் பார்த்தால்தான் தெரியும்.
செம இல்ல?"

ஒரு கட்டைவிரல் போட்டேன்.

என் ஸ்டாப் வந்துவிட்டது.
கண்டக்டர் முன்வாசலில் நின்றிருந்தார்.
டிக்கெட்டை முதுகுப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு
கூட்டத்தை விலக்கி முன்னால் போனேன்,
இருபத்தாறு ரூபாய்க்கு.