தொப்பி வைத்த ஹெச்

ராதாபுரத்துக்குத் தெற்கே
பதினாலாம் நம்பர் காற்றாலை
ஒன்றேகாலுக்கு நின்றுவிட்டது.
ஆடி மாதம். காற்றுக்குக் குறைவில்லை.
பாளையங்கோட்டை மாடி அறையில் இருந்தபடி
அதன் அடிவயிற்றுப் பெட்டிக்குள் நுழைகிறேன்,
கடவுச்சொல் சொல்லி.

முந்நூறு விநாடியை முப்பதாக்க வேண்டும்.
ஒரு சைபரைத் தட்டி எடுத்தால் போதும்.

தட்டினேன்.
சைபர் போகவில்லை.
பக்கத்தில் தொப்பி வைத்த ஒரு ஹெச் வந்து உட்கார்ந்தது.
மறுபடி தட்டினேன்.
300^H^H^H
பந்தியில் இடம் பிடிப்பதுபோல் வரிசையாக.
மேலே போகச் சொன்னால்
அம்புக்குறி ^[[A என்று எதையோ துப்புகிறது.

'மேடம், றெக்க அப்பிடியே நிக்கி.
காத்து பேயா அடிக்கி.
கையால தள்ளி விடட்டா?'
போனில் உய்க்காட்டான்.
கேலியா, நிஜமாகவே கேட்கிறாரா,
அந்த இரைச்சலில் தெரியவில்லை.

பழக்கதோஷத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்தினேன்.
திரை உறைந்தது.
எதைத் தட்டியும் அசையவில்லை.
கன்ட்ரோல் க்யூ கொடுத்ததும்
அதுவரை அடித்ததெல்லாம் மொத்தமாக வந்து கொட்டியது
வள்ளியூர் பஸ்ஸில் கதவு திறந்ததுபோல.

சேமிக்காமல் வெளியே வந்தேன்.
என்னை யாரென்று நினைத்திருக்கிறாய்?
கேட்டதற்கு ஒரே சொல்லில் பதில்:
ஊமை.

அதையும் குறை சொல்ல முடியாது.
நடுச்சாமத்தில் போய்
இன்னார் என்று சொல்லாமல்
வேலை வாங்கப் பார்த்தது நான்.

விடி நூறு, என்றேன்.
நான் பிறப்பதற்கு முன்பே
செய்வதை நிறுத்திவிட்ட பெட்டியின் பெயர்.
அதற்குத் தெரிந்திருந்தது.
நாற்பது வரி உயரம், நூற்றிருபது எழுத்து அகலம்.
அழிப்பது இது, என்று
அந்தச் சாவியையே ஒருமுறை தட்டிக் காட்டினேன்.

கோப்பு இப்போது முழுசாக விரிகிறது.
எண்ணுக்கு மேலே ஒரு குறிப்பு,
இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.
பதினோரு வருடம் முந்தைய ஜூலை. பெயர் இல்லை.

ஆடியில் குறைக்காதே^H^H^H^H^Hஅலாம்

குறைக்காதே என்கிறாரா,
குறைக்கலாம் என்கிறாரா?

விரல் விட்டு எண்ணினேன். ஐந்து தொப்பி.
இங்கிலீஷில் ஐந்து எழுத்து பின்னால் போனால்
'ஆதே' கழன்றுவிடும்,
'அலாம்' வந்து ஒட்டிக்கொள்ளும்.
எதுவும் அழியாத திரையின் முன்னால்
அழிந்துவிட்டதாகவே நம்பி
மேலே எழுதிப் போயிருக்கிறார்.
அவருக்கும் இதே காற்று அடித்திருக்கும்.
யாராவது போனில் நின்றிருப்பார்கள்.

முதலில் அவருடைய வரியைச் சரிசெய்தேன்.
குறைக்கலாம்.
பிறகு என் சைபர்.
ஒரே தட்டு. சத்தமில்லாமல் போயிற்று.

சேமித்தேன்.
முப்பது விநாடி.

'சுத்துது மேடம்.
சத்தம் கேக்கா?'

கேக்கு, என்றேன்.
காற்று மட்டும்தான் கேட்டது.