வெட்டிய அட்டை திரும்பப் பெறப்படமாட்டாது

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசையில் என் கடை.
ஞானசிகாமணி அண்ணாச்சி வந்தால்
கத்தரிக்கோல் ஓயக் கால்மணி நேரம் ஆகும்.
பதினான்கு வகை.
பத்துப் பத்து நாளைக்கு வெட்டிக் காக்கிக் கவரில் போட்டு
காலை, ராத்திரி என்று எழுதுவேன்.

பிரஷருக்கு வண்ணார்பேட்டை டாக்டர் கொடுத்தது முதல் மாத்திரை.
அதில் கால் வீங்கியது.
வீக்கத்தைப் பார்த்த ஜங்ஷன் டாக்டர்
நீர் பிரிய ஒன்று எழுதினார்.
பிரிந்தது, ராத்திரிக்கு ஆறு தடவை.
அதை அடக்க இன்னொருவர் இன்னொன்று.
அது நாக்கை உலர்த்தி, வயிற்றை இறுக்கி,
மெல்ல மேலேறி
வீரவநல்லூருக்கு அடுத்த ஸ்டேஜ் எது என்பதை
அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

பாபநாசம் ரூட்டில் முப்பத்தோராண்டு
செக்கிங் இன்ஸ்பெக்டர்.
“மறதிக்கும் ஒண்ணு எழுதிட்டாரு வே”
என்று சீட்டை நீட்டினார்.
கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது.

எனக்குத் தெரியாதா?
தெரியும்.
நெஞ்செரிச்சலுக்கு இரண்டு சீட்டில் இரண்டு பெயர்,
உள்ளே சரக்கு ஒன்றுதான்.
ஒரே ஆளுக்கு, ஒரே பயணத்துக்கு ரெண்டு டிக்கெட் கிழித்திருந்தால்
அவர் கண்டக்டருக்கு மெமோ கொடுத்திருப்பார்.
நான் பில் போட்டேன்.
மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.

ஐப்பசி மழை ராத்திரி, நாலாவது தடவை எழுந்தபோது
பாத்ரூம் வாசலில் தலைசுற்றி விழுந்தார்.
இடது மணிக்கட்டு.
எலும்பைப் பார்க்க வேண்டிய வார்டில்
ஒரு சின்னப்பிள்ளை டாக்டர்
“வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் அள்ளிட்டு வாங்க” என்றிருக்கிறாள்.
மகள் ஜெயசெல்வி ஜவுளிக்கடைப் பையில் கொண்டுபோய்
கட்டிலில் கவிழ்த்தாள்.
முக்கால் மணி நேரம்.
ஒன்பதை அடித்துவிட்டாளாம் அந்த டாக்டர்.
“புதுசா ஒண்ணும் எழுதலயா?”
ஜெயசெல்வி இரண்டு தரம் கேட்டாளாம்,
ஏமாந்துவிட்டது போல.

தை பிறந்து வந்தார்.
கவர் ஒன்று போதும். ஐந்து வகை, நானூற்று அறுபது ரூபாய்.
மீதிச் சில்லறையை எண்ணியபடியே,
கேட்காமலே,
“கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், வி.கே.புரம்” என்றார்.
வாயெல்லாம் ஈரம்.

பிறகு பையிலிருந்து பழைய துண்டுகளைக்
கண்ணாடி மேல் பரப்பினார்.
ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து
ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்,
பழைய பழக்கம்.
“இத எடுத்துக்கிடுதீரா?”

என் தலைக்கு மேலே போர்டு இருக்கிறது.
நான் வாய் திறக்குமுன் அவரே அதை வாசித்து முடித்தார்.

“அது சரி.
வெட்டுனது நீருதான வே.”