பெயர்ச்சீட்டு உதிர்ந்த கண்ணாடிகள்

சத்தியவேடு பஸ் நிலையத்துக்குப் பின்னால்
நாளுக்கு முந்நூறு ரூபாய் அறை.
மேசை ஆடுகிறது.
தெலுங்கு நாளிதழை எட்டாய் மடித்து
ஒரு காலுக்கு அடியில் கொடுத்திருக்கிறேன்.
மேசைமேல் நுண்ணோக்கி.

சாயங்காலம் இரண்டு கண்ணாடிகளிலிருந்தும்
பெயர்ச்சீட்டு உதிர்ந்துவிட்டது.
மலிவான பசை, மே மாதம், என் விரல் வியர்வை.

ஒன்று, தென்துருவப் பனித்தட்டின் ஓரத்தில்
கடல்தரையைத் துளைத்து இழுத்த களிப்பாறை.
கப்பல் தளத்தில் அது வெளியே வந்தபோது
குழாயைத் தொட்ட என் கையுறை ஒட்டிக்கொண்டது.
இன்னொன்று,
இங்கே சரளைக் குவாரியில்
செங்கல்ராயன் சோற்றுவாளியைத் திறந்த நேரம் பார்த்து
நான் பெயர்த்தது.

இரண்டையும் அமிலத்தில் போட்டேன்.
பாறை கரையும், மகரந்தம் கரையாது.
அந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் என் சம்பளம்.

எது எது?

இடதுகைக் கண்ணாடியில் ஊசியிலை மரத்து மகரந்தம்.
இரு பக்கமும் காற்றுப்பை கட்டி
காவடி எடுத்தாற்போல் நிற்கிறது.
வலதுகைக் கண்ணாடியிலும் அதே காவடி.
இதிலும் பெரணி வித்து,
அதிலும் அதே மூன்று கோடு கிழித்த பெரணி வித்து.
ஒரே காட்டின் தூசி.
நடுவில் கடலே இல்லாமல்
நடந்தே போயிருக்கலாம் அன்றைக்கு,
போக ஒருவரும் இல்லை.

துருவத் துண்டில் நகக்கண் அகலச் சாம்பல் படலம் ஒன்று இருந்தது.
அதிலிருந்த சிர்க்கான் மணிகளை
ஐதராபாத்தில் எண்ணிச் சொன்னார்கள்:
பதினொரு கோடியே அறுபது லட்சம் ஆண்டு,
முன்பின் நாலு லட்சம்.
சத்தியவேட்டில் சாம்பல் இல்லை.
அதன் வயதை இந்தக் காவடிகளை வைத்துத்தான்
கடன் வாங்கவேண்டும்.

கரண்ட் போனது.

காலையில் செங்கல்ராயன் கேட்டதை நினைத்துக்கொண்டிருந்தேன்.
வீடு ஊத்துக்கோட்டையில், கூலி இந்தப் பக்கம்,
எல்லைக்கல்லில் உட்கார்ந்துதான் பீடி.
"தடாவுல மச்சினிச்சி நிலம், மேடம்,
போர் தண்ணி உப்பாப் போச்சு.
கடல் எப்ப உள்ள வரும்னு உங்க மிஷின் சொல்லுமா?"
என் கணக்கு எப்போதும் முன்பின் நாலு லட்சம் என்றேன்.
"அப்ப இந்தப் போகம் வெதைக்கலாம்" என்று சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
சிரித்திருக்கக் கூடாது.

கரண்ட் வந்ததும் மறுபடி எண்ணினேன்.
இடதில் இருநூறு மணி, எல்லாம் காடு.
வலதில் நூற்றுப் பதினேழாவதாக
முள் முள்ளாய் ஒரு கூடு.
கடலில் மட்டும் மிதக்கும் உயிர் விட்டுப்போன சட்டை.
பிறகு இன்னொன்று. மொத்தம் பதினொன்று.
சரி, இதுதான் துருவம் என்று எழுதியும்விட்டேன்.

துடைத்து வைக்கையில் விளக்கு சாய்வாய் விழுந்தது.
வலதுகைக் கண்ணாடியின் மூலையில்
வைரமுனையால் நானே கீறி மறந்த ஓர் எழுத்து:
ச.

துருவத்தில் மரம் நின்றிருக்கிறது.
கடல் நின்றது இங்கே,
இந்தப் பஸ் நிலையத்துக்கு,
இந்த ஆடும் மேசைக்கு அடியில்.
பூமியின் அந்த முனையில் உறைந்து கிடக்கப் பனி இல்லாத நாளில்
தண்ணீருக்குப் போக வேறு இடம் இருந்திருக்காது.

எழுதியதை அடித்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
பதினொரு கூடு போதாது.
அதே அடுக்கில் இன்னொரு மாதிரி வேண்டும்.

ஆறு மணிக்குக் குவாரிக்குப் போனால்
அடுக்கு இருந்த இடத்தில் காற்று.
இரவே வெடி வைத்து அள்ளிவிட்டார்களாம்.
"அவசர ஆர்டர் மேடம்," என்றார் செங்கல்ராயன்,
"பழவேற்காடு ரோட்டுல தண்ணி ஏறுதாம்,
ரெண்டடி ஒசத்தணுமாம்."

ஏழு லாரி போயிருந்தது.
எட்டாவது கிளம்பிக்கொண்டிருந்தது.
சுத்தியலும் பையுமாய்
ஓட்டுநருக்குக் கை காட்டினேன்.