மூன்றாம் மடை

முத்தையன்கட்டு இடதுகரை.
மாங்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் போய் இறங்க
புருவம் வரைக்கும் கிரவல் தூள்.
"பொம்பிளைப் பிள்ளையோ வந்தது" என்றா யோகேஸ்வரி அக்கா.
பிறகு என் தோளில் கிடந்த வயர்ச் சுருளைப் பார்த்து
படலையை அகலத் திறந்தா.

வீடு சொன்ன வருத்தம் இதுதான்:
வினுஜாவின் அறைக் கணினியில் கிடக்கிற வீடியோ
முன் ஹோலில் இருக்கிற ரீவிக்கு வரேக்கை
திக்குது.
ஏழு மணிக்குக் கமக்காரர் சங்கத்து ஆட்கள் வருவினம்.
அதுக்கிடையில் சரிவருமோ?

றவுட்டர்
நிவாரணத்தில் வந்த இரும்பு அலுமாரிக்குப் பின்னால்
பல்லி முட்டையோடு குடியிருந்தது.
கணினியிலிருந்து ரீவியை நூறு தரம் கேட்டேன்:
இருக்கிறியா, இருக்கிறியா.
எழுபத்தொரு தரம் ஓம் என்றது.
மிச்சத்தைச் சுவர் குடித்துவிட்டது.

றவுட்டரை வெளியே எடுத்துத் துடைத்து
யன்னல் மேட்டில் வைத்தேன். எண்பத்தெட்டு.
சனலை மாற்றினேன். தொண்ணூறு.
அக்கா மைக்ரோவேவில் புட்டைச் சூடாக்கினா,
திரும்ப அறுபது.
புட்டுக்குப் பயந்த வீடியோவை
அன்றுதான் கண்டேன்.

காற்றை நம்பினது காணும் என்று
வயரை அவிழ்த்தேன்.
அறைக் கதவு நிலைக்கு மேலால்,
சாமிப்படங்களுக்குக் கீழால்,
மீற்றர் பெட்டியைச் சுற்றி, பதினெட்டு மீற்றர்.
ஆணி இறங்க இறங்க
தலைமயிரில் சீமெந்துப் பொடி.
நூறுக்கு நூறு ஓம்.

வீடியோவைப் போட்டோம்.
குளக்கட்டில் பந்தல். மேசை விரிப்பு காற்றில் உப்பி அடங்கியது
ஒரு மடிப்பும் தவறாமல்.
பாலை மரத்தின் இலை இலையாய் எண்ணலாம்.
வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்து
"எங்கட மூ" என்றார்.
நின்றது.
"மூ"
நின்றது.
"மூண்டாம் மடைக்கு..."

எனக்கு அடிவயிறு எரிந்தது.
முன்னுக்கு இழுத்துப் போட்டேன். அதே இடம்.
அவர் வாய் திறந்தபடி நின்ற நேரம்
அவருக்குப் பின்னால் ஒரு நாய்
பந்தலைக் கடந்து ஆறுதலாய் நடந்து போனது.
அதை நான் பார்த்தேன்.
பார்த்தும் விளங்கவில்லை.

"வயரில் பிழை இல்லை அக்கா.
வீடியோவே பழுது போல.
அந்தத் துண்டை வெட்டிவிடலாம்."
அக்கா குனிந்து
வெட்டின வயர்த் தும்புகளைப் பொறுக்கத் தொடங்கினா.
வினுஜா விட்டத்தைப் பார்த்தாள்.
அவள் உதடு ஏன் துடிக்குது என்று நான் யோசிக்க
முற்றத்தில் மோட்டார்சைக்கிள் நின்றது.

முழங்கால் வரை சேறு.
கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பூலோகசிங்கம் ஐயா
"தே" என்றார்,
"தே" என்றார்,
"தேத்தண்ணி குடிச்சனீரோ தங்கச்சி?"

குறட்டைக் கையில் பிடித்தபடி
நான் அவரைப் பார்த்தேன். ரீவியைப் பார்த்தேன்.
அதே சேட்டு, இப்ப கொடியில் காய்ந்தது.

வினுஜாவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை.
"அப்பா, அக்கா மூண்டாம் மடையை வெட்டலாமாம்!"
அவர் திரையில் திறந்து நின்ற தன் வாயை
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"இ... இஞ்சினியரும்
வெட்டத்தான் சொன்னவர்" என்றார்.
முதலில் சிரித்தது அவர்தான்.

இரவு என்னைப் போகவிடவில்லை,
யானை றோட்டுக்கு வருமாம்.
வயலில் யானை கண்டால் ஐயா போடும் கூக்குரலில்
ஒரு எழுத்தும் தடக்காது என்று
சங்கத்துப் பொருளாளர் எனக்குச் சொன்னார்.
பதினாலு பேர் பாயிலும் கதிரையிலும்.
"எங்கட மூ" வந்தது.
ஒருவரும் இருமவில்லை, போனைத் தொடவில்லை.
தண்ணி திறந்த அன்று
கடைசி வயல்க்காரன் வாய்க்கால் வரம்பில் குந்தியிருப்பானே,
அப்படி இருந்தார்கள்.
வந்தது, "மூண்டாம் மடைக்கு."
யாரோ "ஓம்" என்றார்.

பில் எழுதினேன்:
வயர் பதினெட்டு மீற்றர், கிளிப் முப்பத்திரண்டு, கூலி.
'பழுது' என்ற இடத்தில்
அலுமாரி என்று எழுதினேன்.